உகாண்டாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் படிக்கவைக்க: செட்டிநாட்டு அன்பியங்களுக்கு ஒரு கையேடு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில், அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியங்களில், தவக்காலக் காணிக்கை சேரும்போது ஒரு யோசனை எழுவதுண்டு. ஆப்பிரிக்காவில் பணிசெய்யும் நம் பக்கத்துக் கன்னியர் யாராவது விடுமுறைக்கு வந்து அங்குள்ள நிலைமையைச் சொல்லியிருப்பார்கள். கேட்டவர்களில் ஒருவர், “அங்கே ஒரு அனாதை இல்லம் கட்டிக் கொடுத்துவிடலாமே” என்பார். மனசு சரியானது, தொடங்கும் இடம்தான் தவறு. செங்கல் விலை விசாரிக்கும் முன்னால் விசாரிக்க வேண்டியது வேறு: அந்தப் பிள்ளை நேற்று ராத்திரி யார் வீட்டில் சாப்பிட்டது?

பெரும்பாலும் பாட்டி வீட்டில். இல்லையென்றால் அத்தை, சித்தி, மூத்த அக்கா வீட்டில். ஐ.நா. குழந்தைகள் நிதியம் தாய் தகப்பனில் ஒருவரை இழந்த பிள்ளையையும் அனாதைக் கணக்கில்தான் சேர்க்கிறது. உலகெங்கும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். பிள்ளையை இல்லத்தில் விடுவது பாசமில்லாமல் அல்ல. அங்கே சோறு உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, வீட்டில் இரண்டும் இல்லை. அதனால் ஒரு ஊரில் இல்லம் எழும்பினால், பாட்டி மடியில் இருந்த பிள்ளைகளும் அங்கே போய்ச் சேருகிறார்கள். கட்டடத்துக்குக் கொடுக்கும் பணத்தை அந்தப் பாட்டிக்குக் கொடுத்தால் பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கும். மறைநூலில் அனாதையும் கைம்பெண்ணும் பெரும்பாலும் சேர்ந்தே வருவார்கள். உதவியும் இருவருக்கும் சேர்ந்தே போக வேண்டும். பிள்ளை மாற்றுப் பராமரிப்பு பற்றி ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டி நெறிகளும், வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்றே சொல்கின்றன.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கும் வழி ஒன்று இருக்கிறது. நகரத்தார் வீட்டுக் கல்யாணப் பேச்சில் முதலில் வரும் கேள்வி “எந்தக் கோயில்?” என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்; யார் யாருக்குப் பங்காளி என்பதைக் கோயிலை வைத்துத்தான் சொல்வார்கள். உகாண்டாவின் பகண்டா மக்களிடம் அந்த இடத்தில் நிற்பது குலம். லுகண்டா மொழியில் ‘எகிகா’ என்பார்கள். சிங்கம், யானை, குரங்கு என ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு அடையாளம் உண்டு. அந்த உயிரை அவர்கள் உண்ணமாட்டார்கள். பொதுவாக ஒரே குலத்துக்குள் பெண் எடுக்கமாட்டார்கள். பிள்ளைக்கு வைக்கும் பெயரே குலத்துக்குச் சொந்தம். தகப்பன் விட்டுப்போன நிலத்தில் பிள்ளைக்கு உரிமை உண்டென்று சாட்சி சொல்லப்போவதும் குலத்தார்தான். நாலு வயதில் தொலைவூர் இல்லத்துக்குப் போய்ப் பதினெட்டில் வெளியே வரும் பிள்ளைக்குக் கையில் சான்றிதழ் இருக்கும். கோயில் தெரியாது, பங்காளி தெரியாது, நிலத்தின் எல்லை தெரியாது.

இல்லமே கூடாது என்பதல்ல. குப்பைமேட்டில் விடப்பட்ட கைக்குழந்தை, உறவினராலேயே கொடுமைக்கு ஆளான பிள்ளை, உறவு யாரென்றே தெரியாத பிள்ளை, இவர்களுக்கு உடனடியாக ஒரு கூரை வேண்டும். உகாண்டா சட்டப்படி அதற்கு மாவட்ட நன்னடத்தை மற்றும் சமூகநல அலுவலரின் விசாரணையும் குடும்ப, குழந்தைகள் நீதிமன்றத்தின் ஆணையும் தேவை. உறவைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரைக்கான தங்குமிடமாக இல்லத்தை நடத்துகிறவர்களுக்குத் தாராளமாக உதவலாம். கென்யாவில் வேறொரு வழியும் உண்டு. இயேசு சபைக் குருவும் மருத்துவருமான ஏஞ்சலோ டி’அகோஸ்டினோ, எச்.ஐ.வி. தொற்றிய பிள்ளைகளுக்காக 1992இல் நைரோபியில் நியும்பானி என்ற இல்லத்தைத் தொடங்கினார். சுவாஹிலியில் அதற்கு ‘வீட்டில்’ என்று பொருள். பின்னர் கிடுய் பகுதியில் எழுந்த நியும்பானி கிராமத்தில் ஒரு பாட்டியோ தாத்தாவோ பிள்ளைகளோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள்.

ஒரு நாடு, ஒரு மறைமாவட்டம், ஒரு பங்கு

ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். பள்ளி ஆண்டு, சட்டம், பணம் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். பத்து நாடுகளுக்குப் பத்தாயிரம் வீதம் அனுப்பினால் எங்கே என்ன நடந்தது என்று ஒன்றையும் தெரிந்துகொள்ள முடியாது. இங்கே உகாண்டாவை எடுத்துக்கொள்கிறோம். அங்கே ஆங்கிலம் ஆட்சிமொழி, ஆகவே கடிதப் போக்குவரத்து எளிது. 2014 மக்கள்தொகைக் கணக்கில் கத்தோலிக்கர் சுமார் 39 விழுக்காடு, ஆங்கிலிக்கன் சபையினர் 32 விழுக்காடு. பெரும்பாலான கிராமங்களுக்கு மறைக்கல்வி சொல்லும் ஓர் உபதேசியார் எட்டும் தூரத்தில் இருப்பார். ஜூன் 3 அன்று நம் திருப்பலியில் நினைவுகூரும் மறைச்சாட்சிகளான கார்லோஸ் லுவாங்காவும் தோழர்களும் அந்த மண்ணினர். தெற்கே ரகாய், மசாகா பகுதிகளில் 1980களில் எய்ட்ஸ் நோய் ஒரு தலைமுறையையே கொண்டுபோனது. அப்போது பாட்டிகள் வளர்த்த பிள்ளைகள் இன்று தாங்களே பெற்றோர். இப்போது பிள்ளைகள் பெற்றோரை இழப்பதற்கு மலேரியா, பிரசவம், மோட்டார் சைக்கிள் விபத்து என்று வேறு காரணங்களும் இருக்கின்றன.

பணம் போகும் இடம் ஒரு மறைமாவட்ட சமூகப்பணி அலுவலகமாகவோ, பதிவுபெற்ற துறவற சபையாகவோ இருக்கட்டும். தனிமனிதர் வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவரானாலும். முதல் கடிதத்திலேயே கேட்க வேண்டியவை: அரசுப் பதிவுச் சான்றின் நகல், கடந்த இரண்டு ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, குழந்தைப் பாதுகாப்பு விதிகள், வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் இருவரின் பொறுப்பு, மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் தொலைபேசி எண். இல்லம் நடத்துகிறார்களென்றால் சமூக மேம்பாட்டு அமைச்சகத்தின் உரிமமும் வேண்டும். உகாண்டா நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். நமக்குப் பிற்பகல் 2 மணி, அவர்களுக்குக் காலை 11:30. அந்த நேரத்தில் காணொளி அழைப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பில் இந்த மூன்றைக் கேட்டால் பாதி விவரம் தெரிந்துவிடும். “கடந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் உறவினரிடம் திரும்பினார்கள்?” எண்ணே சொல்ல முடியாதவர்கள் அந்த வேலையைச் செய்யவில்லை. “ஒரு வீட்டுக்கு மாதம் எத்தனை முறை போகிறீர்கள், யார் போகிறார்?” பெயரும் கிழமையும் வர வேண்டும். “பணம் மூன்று வாரம் தாமதமானால் என்ன செய்வீர்கள்?” பள்ளியோடு பேசி வைத்திருப்பவர் உடனே பதில் சொல்வார். தலைவர், செயலர், பொருளாளர் ஒரே குடும்பமாக இருப்பது, முதலில் நிலம் வாங்கப் பணம் கேட்பது, சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்வது, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிக் கண்ணீர்க் கதை எழுதி அனுப்புவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகிவிடுங்கள்.

வீட்டைத் தேர்ந்தெடுப்பது

முதல் ஆண்டு மூன்று அல்லது நான்கு வீடுகள் போதும். பட்டியலை நாம் இங்கிருந்து போடக் கூடாது. அங்கே கிராம மன்றத் தலைவர், ஊர் நலவாழ்வுத் தொண்டர், பள்ளித் தலைமையாசிரியர், உபதேசியார் ஆகிய நால்வரிடமும் தனித்தனியாகப் பெயர் வாங்கச் சொல்லுங்கள். மூன்று பட்டியலிலாவது வரும் வீட்டுக்குத்தான் முதலிடம். ஒருவரிடம் மட்டும் பெயர் வாங்கினால் அவருடைய மச்சான் வீடுதான் முதலில் வரும். அது எந்த ஊருக்கும் பொது.

வீட்டுக்குப் போகிறவர் எழுதி வர வேண்டியவை: ஒரே பானையில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், கடைசியாக இரண்டு வேளை சாப்பிட்ட நாள் எது, தண்ணீர் எவ்வளவு தூரம், கொசுவலை எத்தனை, மழையில் ஒழுகாத மூலை எது, வாழையும் மரவள்ளியும் எவ்வளவு நிலத்தில், நிலம் யார் பெயரில். கடைசிக் கேள்வி முக்கியம். தகப்பன் இறந்ததும் அவருடைய அண்ணன் தம்பிமார் விதவையையும் பிள்ளைகளையும் நிலத்தைவிட்டு விரட்டுவது அங்கே அடிக்கடி நடக்கிறது. கட்டணம் கட்டிப் படிக்கவைத்துக்கொண்டிருக்கும்போதே வீடு பறிபோனால் படிப்பும் நின்றுபோகும். எனவே பங்கில் நீதி அமைதிப் பணிக்குழு இருக்கிறதா, நிலத் தகராறில் கூட நிற்க ஆள் உண்டா என்று கேட்டு வையுங்கள்.

வீட்டில் ஐந்து பிள்ளைகள் இருந்து, அதில் இரண்டு பேர் மட்டும் பெற்றோரை இழந்தவர்கள் என்றால், அந்த இரண்டு பேருக்கு மட்டும் புதுச் சீருடையும் செருப்பும் வாங்கிக் கொடுக்கக் கூடாது. பாட்டியின் சொந்தப் பேரன் வெறுங்காலோடு நிற்க, வந்து சேர்ந்த பிள்ளை செருப்புப் போட்டு நடந்தால் அந்த வீட்டில் பிள்ளையின் நிலை என்னவாகும் என்று யோசியுங்கள். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் சொல்ல வேண்டாம். உதவியின் அலகு வீடு. தனிப் பிள்ளை அல்ல. ‘எனக்கு ஒரு பிள்ளை, உனக்கு ஒரு பிள்ளை’ என்று படத்தோடு பங்கு போட்டுக்கொள்ளும் முறையை அன்பியத்தில் தொடங்கவே வேண்டாம்.

மதத்தை நிபந்தனையாக்காதீர்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் பாட்டியும் நாலு பேரப்பிள்ளைகளை வளர்ப்பார். மூன்று பட்டியலிலாவது அவர் பெயர் இருந்தால் அவருக்கும் அதே உதவிதான். ஞானஸ்நானம் எடுத்தால் கட்டணம் என்று ஒரு சொல் ஊரில் பரவினாலே போதும், பிள்ளையும் கெடும், பங்கின் பெயரும் கெடும்.

பள்ளி: எப்போது, எதற்கு, எவ்வளவு

உகாண்டாவில் தொடக்கக் கல்வி ஏழு ஆண்டுகள், அதன்பின் நான்கு, அதன்பின் இரண்டு. அரசுத் தொடக்கப் பள்ளியில் 1997 முதலும் குறிப்பிட்ட உயர்நிலைப் பள்ளிகளில் 2007 முதலும் கல்விக் கட்டணம் இல்லை. “பிறகு எதற்கு நம் பணம்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார், கேட்க வேண்டிய கேள்விதான். கட்டணம் இல்லாத பள்ளியிலும் சீருடை, நோட்டு, மதியக் கஞ்சி, தேர்வுச் செலவு, தாள்கட்டு, துடைப்பம் என்று ஒவ்வொரு பருவமும் ஒரு பட்டியல் வீட்டுக்கு வரும். அதில் ஒன்று குறைந்தாலும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். படிப்பு நிற்பது பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்னப் பொருளால்தான். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு மாதவிடாய்த் துணி இல்லையென்றால் மாதம் நாலைந்து நாள் வகுப்புப் போகும். பட்டியலில் யாரும் எழுதாத அந்தப் பொருளை நீங்களே எழுதிச் சேருங்கள்.

ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் திறக்கிறது. மூன்று பருவம்: பிப்ரவரி முதல் மே தொடக்கம் வரை, மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, செப்டம்பரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. பள்ளி திறக்க மூன்று வாரம் முன்னால் பணம் அவர்கள் கணக்கில் நிற்க வேண்டும். முதல் பருவத்துக்கு, கிறிஸ்மஸ் முடிந்த கையோடு படிவத்தை நிரப்பி, பொங்கலுக்கு முன் அனுப்பிவிடுங்கள். இரண்டாவதற்கு ஏப்ரல் கடைசி. மூன்றாவதற்கு ஆகஸ்ட் 15ஐ எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்; மாதாவின் விண்ணேற்புத் திருநாள் என்பதால் மறக்காது. உயர்நிலை முதல் வகுப்பில் விடுதியில் சேரும் பிள்ளைக்கு முதல் பருவச் செலவு மற்றப் பருவங்களைவிட மிக அதிகம். மெத்தை, தகரப் பெட்டி, போர்வை, கொசுவலை, தண்ணீர்க் கேன், வாளி, மண்வெட்டி எல்லாம் கொண்டுவரச் சொல்வார்கள்.

வகுப்பில் எங்கே சறுக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் மூன்று வகுப்பு பெரும்பாலும் உள்ளூர் மொழியில் நடக்கும். நான்காம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத பிள்ளை அங்கே தடுமாறி, ஐந்தில் தோற்று, ஆறில் நின்றுவிடும். நான்காம் வகுப்பில் வாரம் இரண்டு மாலை வாசிப்பு வகுப்புக்கு ஓர் உள்ளூர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது பல நேரம் ஏழாம் வகுப்பில் கட்டும் கட்டணத்தைவிட அதிகப் பலன் தரும். தமிழ்வழியில் படித்து ஆங்கிலவழிக்கு மாறிய நம் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால் புரியும்.

மதிப்பெண் அட்டை வந்ததும் நம்மவர்கள் தவறாகப் படிக்கும் இடம் ஒன்று உண்டு. ஏழாம் வகுப்பு முடிவில் வரும் தேசியத் தேர்வில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என நான்கு பாடம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை தரம். 1 தான் சிறந்தது, 9 என்றால் தோல்வி. நான்கையும் கூட்டினால் 4இலிருந்து 36 வரை வரும். 4 முதல் 12 வரை முதல் பிரிவு. “வெறும் 8 தானா வாங்கினாள்?” என்று கடிதம் எழுதிவிடாதீர்கள். 8 வாங்கிய பிள்ளையை ஊரே கொண்டாடும். தேர்வு நவம்பர் தொடக்கத்தில் நடக்கும். பெயர்ப் பதிவும் அதற்கான தொகையும் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும், ஆகவே ஏழாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் முதல் பருவத்திலேயே அந்தத் தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள். பதிவு தவறினால் ஓர் ஆண்டு போச்சு.

எல்லாப் பிள்ளையும் பல்கலைக்கழகம் போகப் போவதில்லை. தச்சு, கொத்து, தையல், மோட்டார் சைக்கிள் பழுது என்று தொழிற்பயிற்சிக்குப் போகிறவர்களுக்குச் சான்றிதழோடு கருவிப்பெட்டிக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். சான்றிதழ் வாங்கிய கொத்தனார் கையில் கரண்டியும் தூக்குக்குண்டும் இல்லையென்றால் அவர் சித்தாள் வேலைக்குத்தான் போவார்.

வீட்டுக்குப் போகும் பங்கு

ஒரு பருவத் தொகையை நூறு பங்காக எடுத்தால் 60 பள்ளிக்கு, 25 வீட்டுக்கு, 10 மருத்துவத்துக்கும் அவசரத்துக்கும், 5 வீடு வீடாகப் போகிறவரின் பயணத்துக்கு. பயணச் செலவை வெட்டாதீர்கள். போகிறவருக்கு வண்டிக்காசு இல்லையென்றால் அவர் போகமாட்டார். அடுத்த அறிக்கையைப் பள்ளியில் உட்கார்ந்தே எழுதிவிடுவார்.

வீட்டுப் பங்கைப் பணமாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா என்று விவாதம் வரும். முதல் ஆண்டு விதை, மண்வெட்டி, இரண்டு பெட்டை ஆடு அல்லது ஐந்து கோழி என்று தொடங்கலாம். கிராமத்தில் கிடாய் உண்டா என்று கேட்காமல் பெட்டை வாங்காதீர்கள். மொபைல் பணமாக அனுப்பினால் பாட்டியின் பெயரிலேயே சிம் அட்டை இருக்க வேண்டும். அதற்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும், பல பாட்டிகளிடம் அது இருக்காது. பக்கத்து வீட்டு இளைஞர் எண்ணுக்கு அனுப்பினால் வழியிலேயே கரையும். அடையாள அட்டை எடுத்துத் தருவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே கிராமச் சேமிப்புக் குழுக்கள் நிறைய உண்டு. நம் மகளிர் சுயஉதவிக் குழுவைப் போலத்தான், ஆனால் பணம் வங்கியில் இல்லை, மூன்று பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் இருக்கும். மூன்று சாவியும் மூன்று வீட்டில், பெட்டி நான்காவது வீட்டில். எல்லாரும் கூடியிருக்கும்போதுதான் பெட்டி திறக்கும். பதினைந்து முதல் இருபத்தைந்து பேர் வாரந்தோறும் பங்கு போடுவார்கள், ஆண்டு முடிவில் லாபத்தோடு பிரித்துக்கொள்வார்கள். பாட்டியை அந்தக் குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள். பிரிக்கும் மாதம் ஜனவரியாக அமைந்தால் முதல் பருவச் செலவில் ஒரு பகுதி அவர் கையாலேயே கட்டப்படும். அந்தப் பெருமையை நாம் அவரிடமிருந்து எடுத்துவிடக் கூடாது.

எச்.ஐ.வி.யோடு வாழும் பிள்ளைக்கு மருந்து அரசு நலவாழ்வு மையத்தில் இலவசம். செலவு பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும்தான். விடுதியில் சேர்த்தால் கவனம் வேண்டும்: தோழர்கள் பார்த்துவிடுவார்களோ என்று மாத்திரையை ஒளித்து, பிறகு விழுங்காமலே விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. விடுதிப் பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டும், பிள்ளையின் சம்மதத்தோடு, சொல்லி வைக்க வேண்டும். நமக்கு வரும் அறிக்கையில் நோயின் பெயர் வரவே கூடாது என்று முதலிலேயே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கு அது தேவையில்லை.

துக்கத்துக்கும் இடம் வேண்டும். உகாண்டாவில் எச்.ஐ.வி. தொற்றிய தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்காக நினைவுப் புத்தகம் எழுதும் வழக்கத்தை வளர்த்தார்கள். பிள்ளை பிறந்த நாள், முதல் சொல், தாத்தாவின் பெயர், குலம், நிலம் இருக்கும் இடம், பிடித்த சாப்பாடு, எல்லாம் அதில் இருக்கும். தாய் போய்விட்ட வீட்டில் பாட்டி சொல்லச் சொல்ல உபதேசியார் எழுதலாம். ஒரு நூறு பக்க நோட்டு போதும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் பெற்றோர் பெயரைச் சொல்லித் திருப்பலி ஒப்புக்கொடுக்கவும், பிள்ளையைக் கல்லறைக்கு அழைத்துப்போகவும் அந்தப் பங்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். கிறிஸ்தவப் பராமரிப்பு என்று நாம் சொல்வதில் இதுவும் அடங்கும்.

பணம் அனுப்புவது

நல்ல குழுக்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். உண்டியல் (மாற்றுச்சீட்டு) எழுதி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் பணம் நகர்த்திய பூமி நம்முடையது. அதனால் “தெரிந்தவர் மூலம் அங்கே கொடுத்துவிடலாம், இங்கே வாங்கிக்கொள்வார்” என்ற பேச்சு எளிதாக வரும். 1999 அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அது விதிமீறல். இங்கே ஒரு சபைக்கு ரூபாயில் கொடுத்து அங்கே உகாண்டா ஷில்லிங்கில் நேர்செய்வதும் அதே வகைதான்.

பங்கின் அறக்கட்டளைக் கணக்கிலிருந்தும் அனுப்பாதீர்கள். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதியின்றி இந்தியாவுக்கு வெளியே செலவு செய்தால் அந்தத் தொகைக்கு விலக்குக் கிடைக்காது. ரிசர்வ் வங்கியின் தாராளமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டம் தனிநபர்களுக்கு மட்டுமே. அறக்கட்டளைக்கும் சங்கத்துக்கும் அது கிடையாது.

எல்லாரும் பொருளாளர் கணக்கில் போட்டு அவர் அனுப்புவதும் சரிவராது. திட்டத்தில் அனுப்புபவர் தம் சொந்தப் பணத்தையே அனுப்ப வேண்டும். போதாக்குறைக்கு, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது அவர் வருமானமாகி வரிக்கு வரும். நல்லது செய்யப்போன பொருளாளருக்கு வருமான வரி நோட்டீஸ் வந்து, குழுவே கலைந்துபோகும்.

சரியான வழி நம் ஊர்த் திருவிழாவிலேயே இருக்கிறது: மண்டகப்படி. ஒருநாள் ஒரு வீட்டார் முழுச் செலவையும் ஏற்பதுபோல, ஒரு பருவத்தை ஒரு குடும்பம் ஏற்கட்டும். ஆறு குடும்பம் சேர்ந்தால் ஆண்டுக்கு மூன்று பருவம் வீதம் ஒவ்வொருவருக்கும் இரண்டாண்டுக்கு ஒருமுறை முறை வரும். ஒவ்வொரு குடும்பமும் தன் வங்கியிலேயே மாதம் 1,500 ரூபாய் தொடர் வைப்பில் போட்டால் 24 மாதத்தில் 36,000 ரூபாயும் வட்டியும். கையில் இருப்பு உள்ள குடும்பங்கள் முதல் முறைகளை எடுத்துக்கொள்ளட்டும், புதிதாகச் சேர்ப்பவர்கள் கடைசியில் வரட்டும். யார் பணமும் யார் கணக்குக்கும் போவதில்லை, சிறு சிறு தொகையாக அனுப்பி வங்கிக் கட்டணத்தில் இழப்பதும் இல்லை. ஒரு குடும்பத்துக்கு அந்த ஆண்டு கல்யாணமோ மருத்துவச் செலவோ வந்தால் அடுத்தவரோடு முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு மாதம் முன்னால் சொல்லிவிட வேண்டும்.

வங்கிக்குப் போகும்போது பான் எண், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்பும் ஏ2 படிவம், பெறும் நிறுவனத்தின் பெயர், முகவரி, கணக்கு எண், வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு, அவர்கள் எழுதிய வேண்டுகோள் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். சின்னக் கிளைகளில் இது பழக்கமில்லாத வேலை. காரைக்குடியில் அந்நியச் செலாவணி பார்க்கும் கிளை எது என்று முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள். நோக்கக் குறியீடு எஸ்1303, வெளிநாட்டு மத, அறநிறுவனங்களுக்கான நன்கொடை. தவறான குறியீடு போட்டால் பணம் அங்கே போய் நின்றுவிடலாம். ஆண்டு உச்சவரம்பு 2,50,000 டாலர், நமக்கு அது பிரச்சினையே இல்லை. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் வங்கி முன்வரி பிடிக்கும், அதுவும் நம்மைத் தொடாது. வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு இல்லை என்பதை மட்டும் குடும்பங்களிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.

இடையில் நிற்கும் வங்கி தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். செலவு முழுவதும் அனுப்புபவருடையது என்ற தெரிவைக் குறியுங்கள். இல்லையென்றால் அங்கே தொகை குறைந்து சேர்ந்து, பட்டியலின் கடைசிப் பிள்ளைக்குக் கட்டணம் நிற்கும். கணக்குப் போட ரூபாய்க்கு ஏறக்குறைய 40 ஷில்லிங் என்று வைத்துக்கொள்ளலாம். 36,000 ரூபாய்க்கு 14 லட்சத்துச் சொச்சம் வரும். உண்மை விலையை அனுப்பும் அன்று வங்கியில் கேளுங்கள்.

பேரேடு

ஒரு நீள நோட்டு வாங்கி வீட்டுக்கு ஒரு பக்கம் திறங்கள். நம் பழைய பெட்டியடிக் கணக்கைப் போல, வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம், இருப்பு கீழே. அனுப்பிய தேதி, ரூபாய், அன்றைய டாலர் விலை, அங்கே வரவான ஷில்லிங், வரவான தேதி, இந்த ஐந்தும் ஒரே வரியில் இருக்க வேண்டும். உகாண்டாவில் பல பள்ளிகள் கட்டணத்தை வங்கியில்தான் வாங்குகின்றன, ரொக்கமாக அல்ல. அந்த வங்கிச் சீட்டின் படத்தைப் பருவம் தொடங்கி நான்கு வாரத்துக்குள் கேளுங்கள். சீட்டில் உள்ள தொகையும் பள்ளியின் கட்டண அட்டையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லையென்றால் முதலில் அமைதியாகக் கேளுங்கள். பழைய பாக்கியைப் பள்ளி பிடித்திருக்கலாம். இரண்டு பருவம் சீட்டே வரவில்லையென்றால் மூன்றாவது தொகையை நிறுத்திவைத்து, பள்ளித் தலைமையாசிரியருக்கு நேரடியாக எழுதுங்கள். டிசம்பர் கடைசியில் ஐந்தொகை (ஆண்டுக் கணக்குச் சுருக்கம்) எடுத்து அன்பியக் கூட்டத்தில் வாசியுங்கள், அங்கேயும் ஒரு நகல் அனுப்புங்கள்.

படங்களைப் பற்றி ஒரு கண்டிப்பு. பிள்ளையின் முகம், முழுப்பெயர், பள்ளி, ஊர், இவை நான்கும் ஒரே இடத்தில் வரக் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே கூடாது. நம் வீட்டுப் பேத்தியின் படத்தை ‘ஏழைச் சிறுமி’ என்று யாராவது போட்டால் நாம் பொறுப்போமா? கடிதம் எழுதலாம், ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று இல்லாமல் வகுப்புக்கு ஒன்று, குழுவின் பெயரில். உடுப்பும் சீடையும் முறுக்கும் பார்சல் அனுப்ப ஆசை வரும். தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து பொருளின் விலையைத் தாண்டிவிடும், அங்குள்ள தையற்காரருக்கும் வேலை போகும். அந்தக் காசை அனுப்பினால் சீருடை அங்கேயே தைப்பார்கள்.

யாராவது நேரில் போக விரும்பினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. திரும்பும்போது இந்தியாவிலும் கேட்பார்கள், இல்லாதவர்களைத் தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், அதுவும் அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால் மட்டுமே. இரண்டு வாரம் தங்கிப் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் திரும்பும் பயணம் வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை இழந்த பிள்ளைக்கு அது இன்னொரு பிரிவு. போகிறவர் கணக்குப் பார்க்கட்டும், ஆசிரியர்களோடு பேசட்டும், பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்காரட்டும்.

கடைசியாக, தொடங்கும் முன்பே முடிவைப் பேசிவிடுங்கள். இப்போது நான்காம் வகுப்பில் இருக்கும் பிள்ளை உயர்நிலை நான்காம் ஆண்டை முடிக்க இன்னும் எட்டு ஆண்டு. ஆறு குடும்பமும் எட்டு ஆண்டு நிற்க முடியுமா? முடியாதென்றால் குறைவான வீடுகளோடு தொடங்குங்கள். ஒரு குடும்பம் விலகினால் அந்த முறையை யார் எடுப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி, ஆறு பேரும் கையெழுத்திட்டு, பேரேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.